மண்மேல் போட்ட பழி

நியூ ஜெர்சியில் ஒயின் செய்கிறார்கள் என்று மன்ஹாட்டனில் யாரிடமாவது சொன்னால், இன்றைக்கும் முதலில் சிரிப்புதான் வரும். சிரிப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மாநிலத்தில் அவர்கள் பார்த்தது நெவார்க் விமான நிலையமும், பக்கத்தில் புகை கக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், டர்ன்பைக் நெடுஞ்சாலையும்தான். 50 மாநிலங்களில் பரப்பளவில் 47-வது இடம், மக்கள் நெருக்கத்தில் முதலிடம். அந்த நெரிசலில் திராட்சைக்கு ஏது இடம்?

இந்தச் சிரிப்புக்குப் பின்னால் சில வாதங்கள் இருக்கின்றன. மண் சரியில்லை, ஈரப்பதம் அதிகம், பாரம்பரியம் கிடையாது, செய்வதெல்லாம் சர்க்கரைத் தண்ணீர், பழமே வெளியிலிருந்து வருகிறது, பிரின்ஸ்டனில் நடந்த சுவைப் போட்டி வெறும் விளம்பரம், நல்ல ஒயின் என்றால் கடையில் ஏன் இல்லை? இவற்றில் சில பாதி உண்மை, சில முழுப் பொய். எல்லாவற்றையும் உரசிப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: நியூ ஜெர்சி ஒயினுக்குப் பேர் இல்லாமல் போனதற்கு மண் காரணமில்லை, சட்டம்தான் காரணம்.

மண்ணிலிருந்தே தொடங்குவோம். மாநிலத்தின் தெற்குப் பாதியில் மண்ணை அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும். மணலும் கொஞ்சம் வண்டலும்தான். புளிப்பு மண் வேறு, சுண்ணாம்பு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். குடியேறிய ஐரோப்பியர்கள் கோதுமை போட்டுப் பார்த்து, சரிவராமல், பைன் மரக்காடாகக் கிடந்த அந்தப் பகுதியைத் தரிசு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் கோதுமைக்கு ஆகாத மண் திராட்சைக்கும் ஆகாது என்பது தப்புக் கணக்கு. கொழுத்த மண்ணில் திராட்சைக்கொடி இலையும் தண்டுமாக ஓடும், பழத்தில் சாரம் இருக்காது. தண்ணீர் தேங்காத மெலிந்த மண்ணில்தான் கொடி அடங்கி வளரும். கிழக்கே அட்லாண்டிக், தென்மேற்கே டெலவேர் விரிகுடா என்று இரண்டு பக்கமும் தண்ணீர் இருப்பதால் இலையுதிர்காலம் மெல்லத்தான் குளிர்கிறது, பழம் முற்ற அவகாசம் கிடைக்கிறது. 2007-இல் மத்திய அரசு இந்தப் பகுதியில் ஏறக்குறைய 22.5 லட்சம் ஏக்கரை ‘அவுட்டர் கோஸ்டல் பிளெயின்’ என்ற பெயரில் தனித் திராட்சை வட்டாரமாக அறிவித்தது. வட்டாரம் அறிவித்தால் தரம் வந்துவிடாது. மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் ஒரு தனித்தன்மை உண்டு என்பதற்கு மட்டுமே அது சான்று. ‘இங்கே மண்ணே கிடையாது’ என்பவருக்கு அந்தச் சான்றே போதும்.

ஈரப்பதம் பற்றிய வாதம் இவ்வளவு எளிதில் தீராது, ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. கோடை மழைக்குப் பிறகு இரண்டு நாள் வெயில் இல்லையென்றால் பூஞ்சாணம் வந்துவிடும். கருப்பு அழுகல் நோயைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலில் இலையில் மிளகளவு பழுப்புப் புள்ளி, அதைச் சுற்றி ஒரு கரிய வளையம். பிறகு காய்க்கு ஏறும். பச்சைக் காய் சில நாளில் சுருங்கி, கறுத்து, கல்போல் இறுகிக் கொத்திலேயே தொங்கும். கவாத்தின்போது அதைக் கிள்ளி எறியாமல் விட்டால், அடுத்த வசந்தத்தில் அதிலிருந்தே தோட்டம் முழுக்க நோய் கிளம்பும். ஆகவே குளிர்காலக் கவாத்து இங்கே அறுவடைக்குச் சமமான முக்கியமான வேலை.

ஆனால் ஈரப்பதமே தீர்ப்பு என்றால், அட்லாண்டிக் கடல் மழையில் நனையும் போர்தோவும் ஒயின் செய்யக் கூடாது. கருப்பு அழுகல், சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய், வேரை அரிக்கும் ஃபிலாக்சரா பூச்சி எல்லாமே 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து பிரான்ஸுக்குப் போனவைதான். பிரெஞ்சுக்காரர்கள் தோட்டத்தை மூடிவிட்டு உட்காரவில்லை. அமெரிக்கக் கொடியின் வேர்மேல் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டிப் பூச்சியைச் சமாளித்தார்கள். பூஞ்சாணத்துக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தார்கள். நம் விவசாயிகள் இன்றும் தெளிக்கும் போர்டோ கலவைக்கு அந்த ஊர்ப் பெயர் வந்த கதை அதுதான். நோயோடு போராடி ஒயின் எடுப்பது பிரான்ஸில் பெருமை என்றால், நியூ ஜெர்சியில் மட்டும் அது எப்படி இயலாமை ஆகும்?

இங்கே தோட்டக்காரர்கள் செய்வதும் அதே வேலைதான். காலை வெயில் படும் பக்கத்தில் கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிவிடுகிறார்கள், பனி சீக்கிரம் உலரும். ரகத்தையும் பார்த்து வைக்கிறார்கள். கேப் மே தீபகற்பத்தில் ஆல்பரினோ நன்றாக வருகிறது. அது ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், ஓயாமல் மழை பெய்யும் கலிசியாவின் தடித்த தோல் திராட்சை. நோயை ஓரளவு தாங்கும் ஷாம்பூர்சின் என்ற பிரெஞ்சு-அமெரிக்கக் கலப்பினம் மாநிலம் முழுக்கப் பரவியிருக்கிறது. கலப்பினம் என்றால் மட்டம் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. 2018 முதல் ‘புள்ளி லாந்தர் பூச்சி’ என்ற புதுத் தலைவலியும் சேர்ந்திருக்கிறது. கூட்டமாக வந்து கொடியின் சாற்றை உறிஞ்சும், இனிப்பு எச்சத்தை இலைமேல் சொட்டும், அதன்மேல் கரும்பூஞ்சை படரும். தண்டில் சேறு அப்பியதுபோல் இருக்கும் அதன் முட்டைகளை, பழைய கிரெடிட் கார்டை வைத்துச் சுரண்டி எடுக்கிறார்கள்.

அடுத்தது பாரம்பரியம். ‘நேற்று முளைத்த பொழுதுபோக்கு’ என்பவர்கள் 1767-ஐப் பார்க்க வேண்டும். அமெரிக்கா என்ற நாடே பிறக்காத அந்த ஆண்டில், கலைகளையும் தொழில்களையும் ஊக்குவிக்கும் லண்டன் சங்கம் நியூ ஜெர்சிக் காலனியைச் சேர்ந்த எட்வர்ட் ஆன்டில், வில்லியம் அலெக்சாண்டர் இருவரையும் திராட்சை வளர்ப்புக்காகப் பாராட்டியது. அவர்கள் வைத்தது ஐரோப்பியக் கொடிகள். அவை நிலைக்கவில்லை. ஃபிலாக்சராவின் பெயர்கூட அப்போது யாருக்கும் தெரியாது. தோல்விதான், ஆனால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் அன்று எல்லோருக்கும் நேர்ந்த தோல்வி.

பிறகு 1864-இல் லூயி நிக்கோலஸ் ரெனோ என்ற பிரெஞ்சுக்காரர் எக் ஹார்பர் சிட்டியில் நிலம் வாங்கினார். அவர் தொடங்கிய ஆலையின் பெயர் இன்றும் இருக்கிறது. ஐந்தே ஆண்டில், அங்கிருந்து அதிகத் தூரமில்லாத வைன்லாண்டில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், மெதடிஸ்ட் தேவாலயத்தின் திருவிருந்துக்காக, போதை ஏறாத திராட்சைச் சாறு தயாரித்தார். சாற்றைச் சூடாக்கி நொதிக்கும் நுண்ணுயிரைக் கொல்லும் பாஸ்டரின் முறைதான் அது. இன்று உலகமெங்கும் சூப்பர் மார்க்கெட்டில் நிற்கும் வெல்ச் பாட்டிலின் பூர்வீகம் அந்த ஊர். திராட்சையின் பெயரைத் தாங்கி, மதுவை ஒதுக்கி வைத்த ஊர் என்பது தனி வேடிக்கை.

பாரம்பரியம் அறுந்தது 1920-இல் வந்த மதுவிலக்கால். அதையாவது நாடே சேர்ந்து அனுபவித்தது. ரெனோ ஆலை அரசு அனுமதியோடு ‘ஒயின் டானிக்’ என்று மருந்துக்கடைகளில் விற்று உயிர் பிழைத்தது. விசித்திரம் 1933-இல் மதுவிலக்கு நீங்கிய பிறகுதான். பத்து லட்சம் மக்களுக்கு ஒரு ஒயின் ஆலை உரிமம் என்று மாநிலம் சட்டம் வைத்தது. கணக்கு நேரடியானது: 1980 வாக்கில் மக்கள்தொகை சுமார் 73 லட்சம், ஆலைகள் ஏழு. ஆப்பிளும் பீச்சும் போட்டு நொடிந்த ஒரு விவசாயி திராட்சைக்கு மாற நினைத்தால், புதிதாகப் பத்து லட்சம் பேர் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும்! 1981-இல்தான் பண்ணை ஒயின் ஆலைச் சட்டம் வந்தது. குறைந்தது 3 ஏக்கர் திராட்சையோ பழமோ இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்றானது. இன்று ஆலைகள் ஐம்பதைத் தாண்டிவிட்டன. மண் அதே மண், மழை அதே மழை. மாறியது சட்டத்தில் ஒரு பிரிவு.

இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். திராட்சைக்கொடி வைத்து மூன்றாம் ஆண்டில்தான் பழம் எடுப்பார்கள். எந்தத் துண்டு நிலத்தில் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள இருபது முப்பது அறுவடை வேண்டும். பர்கண்டியில் அதைத் துறவி மடங்கள் நூற்றாண்டுக் கணக்கில் உட்கார்ந்து பார்த்தன. நியூ ஜெர்சிக்குக் கிடைத்தது நாற்பத்து சொச்சம் ஆண்டுகள்.

சர்க்கரைத் தண்ணீர் என்ற புகாருக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஆம், ப்ளூபெர்ரி ஒயின் விற்கிறார்கள், கிரான்பெர்ரி ஒயினும் விற்கிறார்கள். காட்டுச் செடியாக இருந்த ப்ளூபெர்ரியைத் தோட்டப் பயிராக்கி, 1916-இல் முதல் வணிக விளைச்சலை எடுத்த இடம் இந்த மாநிலத்தின் வைட்ஸ்பாக். எடிசன் ஊரிலிருந்து நம்மவர்கள் கோடையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ப்ளூபெர்ரி பறிக்கப் போகிறார்களே, அந்தப் பயிருக்கு இதுதான் பிறந்த வீடு. அந்தப் பழத்தில் ஒயின் செய்யாவிட்டால்தான் அதிசயம். இனிப்பு பாட்டில் சுலபமாக விற்கும், அந்தப் பணத்தில்தான் பல ஆலைகள் கபெர்னே ஃப்ராங்க் கொடிகளைப் பராமரிக்கின்றன. மோசமான ஒயினும் இங்கே உண்டு, கலிபோர்னியாவிலும் உண்டு.

பழம் வெளியிலிருந்து வருகிறதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. லேபிளைப் படித்தால் போதும். மாநிலத்தின் பெயர் போட வேண்டுமானால் 75 சதவீதத் திராட்சை அங்கே விளைந்திருக்க வேண்டும், வட்டாரத்தின் பெயர் போட வேண்டுமானால் 85 சதவீதம். இது மத்திய அரசின் விதி. ‘அமெரிக்கன்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது எந்த மாநிலத்திலிருந்தும் வந்திருக்கலாம், சந்தேகப்படுங்கள்.

இனி பிரின்ஸ்டன். இதில் இரண்டு தரப்பும் தப்பாகப் பேசுகின்றன. 1976-இல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய சுவைப்பில் கலிபோர்னியா ஒயின் பிரெஞ்சு ஒயினை முந்தியது பிரபலமான கதை. அங்கே இருந்த ஒரே பத்திரிகையாளர் ஜார்ஜ் டேபர். அவரும் ஒயின் பொருளாதார அறிஞர்கள் சிலரும் சேர்ந்து 2012 ஜூன் 8 அன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அதே மாதிரி ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். லேபிளை மறைத்து, ஒன்பது பேர் சுவைத்தார்கள். வெள்ளையில் பத்து, சிவப்பில் பத்து. ஒவ்வொன்றிலும் பிரான்ஸ் நான்கு, நியூ ஜெர்சி ஆறு. வெள்ளையில் ட்ரூவானின் போன் க்ளோ தெ மூஷ் முதலிடம், ஆனால் அடுத்த மூன்று இடங்களும் நியூ ஜெர்சிக்கு. சிவப்பில் மூத்தோன் ரோத்ஷீல்ட், ஓ பிரியோன், மூன்றாவதாக ஹெரிடேஜ் என்ற நியூ ஜெர்சித் தோட்டம். ஹெரிடேஜ் முன்பு பழத்தோட்டமாக இருந்த குடும்பப் பண்ணை.

‘பிரான்ஸை ஜெயித்துவிட்டோம்’ என்று உள்ளூர்க்காரர்கள் கொண்டாடினார்கள். அது மிகை. முதலிடம் இரண்டும் பிரான்ஸுக்குத்தான். பத்தில் ஆறு உங்களுடையது என்றால், கண்ணை மூடிச் சீட்டு எடுத்தாலும் முதல் நான்கில் மூன்றோ நாலோ உங்களுக்கு விழ 45 சதவீத வாய்ப்பு உண்டு. நீங்களே போட்டுப் பார்க்கலாம்: மொத்த வழிகள் 210, அதில் சாதகமானவை 95.

‘விளம்பரம், அர்த்தமில்லாத போட்டி’ என்று மறுதரப்பு ஒதுக்கியது. அவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. மதிப்பெண்களை அலசிய பொருளாதாரப் பேராசிரியர் ரிச்சர்ட் குவான்ட் கண்டது என்ன? முதலில் வந்த வெள்ளையையும் கடைசியில் வந்த சிவப்பையும் தவிர, மற்றவற்றைப் புள்ளியியல்படி ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியவில்லை. நியூ ஜெர்சி பாட்டில்களின் சராசரி விலையோ அந்தப் பெரிய பிரெஞ்சுத் தோட்டங்களின் விலையில் சுமார் 5 சதவீதம். நிபுணர் நாக்கையே நம்ப முடியாது என்று வாதிடலாம். நியாயம்தான். சுவைத்த ஒன்பது பேரில் ஒருவரான ராபர்ட் ஹாட்ஜ்சனே, ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றிக் கொடுத்தால் நடுவர்களில் பெரும்பாலோர் ஒரே மதிப்பெண் தருவதில்லை என்று 2008-இல் ஆய்வு வெளியிட்டவர். ஆனால் அந்த வாதம் வெட்டுவது இரண்டு பக்கமும். நிபுணர் நாக்கு நிலையில்லாதது என்றால், நியூ ஜெர்சி மட்டம் என்ற தீர்ப்பு மட்டும் எந்த நாக்கிலிருந்து வந்தது?

கடைசிக் கேள்வி: கடையில் ஏன் இல்லை? இங்கேயும் சட்டம்தான் குறுக்கே நிற்கிறது. உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று மூன்று படி அமெரிக்காவில். மொத்த வியாபாரிக்கு ஆயிரக்கணக்கில் பெட்டி வேண்டும், சின்ன ஆலையிடம் அது இல்லை. இருப்பதைத் தன் வாசலிலேயே முழு விலைக்கு விற்க முடியும்போது, பாதியை ஆலைக்காரர் ஏன் இடைத்தரகருக்குக் கொடுப்பார்? அந்த வாசல் விற்பனைக்கே ஒரு முறை ஆபத்து வந்தது. உள்ளூர் ஆலைக்குக் கிடைத்த நேரடி விற்பனைச் சலுகை வெளிமாநில ஆலைக்கு இல்லை என்பது பாகுபாடு என்று 2010 டிசம்பரில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுவைக்கூடங்களை மூட நேருமோ என்ற பயம் ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்தது. 2012 ஜனவரியில் புதுச் சட்டம் வந்து, பாட்டிலை வீட்டுக்கு அனுப்பவும் வழி செய்தது. ஆண்டுக்கு 2,50,000 கேலனுக்கு மேல் தயாரிக்கும் ஆலை அனுப்பக் கூடாது என்று ஒரு வரம்பையும் கூடவே வைத்தது. பெரிய கலிபோர்னியா நிறுவனங்களைத் தள்ளி நிறுத்தும் வேலிதான் அது. சட்டத்தால் அடிபட்ட தொழிலே இன்னொரு சட்டத்தின் நிழலில் ஒதுங்குவது எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலம் இங்கே விலை அதிகம், கூலியும் அதிகம். 1964-இன் பண்ணை நில வரிச் சலுகை இல்லாவிட்டால் பாதித் தோட்டம் எப்போதோ அடுக்குமாடியாகியிருக்கும் என்பது என் கணிப்பு. அந்தச் செலவெல்லாம் பாட்டிலின் விலையில் ஏறுகிறது. அந்தக் காசுக்கு நல்ல சிலி ஒயின் இரண்டு பாட்டில் வாங்கலாமே என்று யாராவது கேட்டால், அதற்கு மட்டும் என்னிடம் மறுப்பு இல்லை.