மானுக்குத் தீனி, யாருக்கு மான்?

கெர்லிங்கில் மான் வேட்டைக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. ருசா, கிஜாங் என்ற இரண்டு வகை மான்களுக்கும் தீபகற்ப மலேசியாவில் வேட்டை உரிமம் கொடுப்பதை 2009-இல் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் நிறுத்தியது. பிறகும் அந்தத் தடையை நீட்டித்தது. நிலைமை இப்படியிருக்க, வேட்டைப் பருவத்துக்கு மான்களை வரவழைக்கத் தோட்டத்து ஓரங்களில் தீவனப் பாத்தி போட வேண்டும் என்று நண்பர் ஒருவர் வாதாடிக்கொண்டிருக்கிறார். தடை இருப்பது தெரியாமல் பேசுகிறார் என்றால், மானைப் பற்றிப் பேச அவருக்கு என்ன தகுதி? தெரிந்துதான் பேசுகிறார் என்றால், அவர் தருவது விவசாய ஆலோசனை அல்ல. திருட்டு வேட்டைக்கு நிலம் பண்படுத்தும் வேலை.

அவர் வாதத்தைப் பாதியாக்கிவிட்டு அடித்தால் அது நியாயமாகாது. முழுதாகவே வைக்கிறேன். காட்டில் மானுக்குத் தீனி குறைந்துவிட்டது. ஆகவே மரவள்ளி, சர்க்கரைவள்ளி, நேப்பியர் புல் என்று காட்டோரத்தில் பாத்தி போட்டால் மான் பெருகும். பாத்தியில் வயிறு நிறைந்த மான் செம்பனைக் கன்றைத் தொடாது. அமெரிக்காவில் இப்படித்தான் மான் பெருகியது. உரிமக் கட்டணத்தில் காட்டையும் காப்பாற்றலாம். போதாததற்கு, வேட்டை நம் தோட்டத்து மரபு. இவ்வளவுதான் அவர் சரக்கு.

முதலில் தீனிப் பஞ்சத்தைப் பார்ப்போம். கெர்லிங்குக்குக் கிழக்கே தித்திவங்சா மலைக்காடு. மேற்கே வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையைத் தாண்டினால் புக்கிட் தாகார்; அதற்கும் அப்பால், 1964-இல் வனவிலங்குக் காப்பகமான சுங்கை டூசுன். இடையில் எங்கு பார்த்தாலும் செம்பனை, புதர், லாலான் புல். 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பாதியில் கைவிடப்பட்ட லெம்பா பெரிங்கின் புதுநகரத் திட்டத்தில் பச்சைக்கா பஞ்சம்? ருசா அடர்காட்டை மட்டும் நம்பி வாழும் விலங்கல்ல. வெட்டிவிட்ட காட்டில் துளிர்க்கும் தழையும் காட்டோரப் புல்லும் அதற்கு நல்ல மேய்ச்சல். ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது, மண் அரிக்காமல் இருக்கத் தோட்ட நிர்வாகமே புவேராரியா போன்ற பயற்றங்கொடிகளைப் பல ஏக்கருக்குப் படரவிடுகிறது. இந்த ஊர் மழையில் புல் முளைக்க யாரும் கூலி கொடுப்பதில்லை. முளைத்த புல்லை அழிக்கத்தான் தோட்டம் மருந்தடிக்கும் கூலி கொடுக்கிறது. இங்கே போய் மானுக்குத் தீனி இல்லை என்று சொல்பவர், கடைசியாக எப்போது ஒரு மறுநடவுக் காட்டுக்குள் கால் வைத்தார் என்று கேட்கத் தோன்றுகிறது.

தழை இருக்கிறது, அதைத் தின்ன மான்தான் இல்லை. காரணம் கண்ணியும் துப்பாக்கியும். ருசாவை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008-இலேயே வகைப்படுத்திவிட்டது. தானியங்கிக் கேமராக்கள் பல காடுகளில் பதிவுசெய்த தகவல்களைக் கயே கவானிஷியும் சக ஆய்வாளர்களும் தொகுத்து, புலியின் இரை விலங்குகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று வாதிட்டார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு, மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்றது. அந்தப் புலிகளின் முக்கிய இரைகளில் ஒன்று ருசா. காவல்துறையும் பெர்ஹிலித்தானும் சேர்ந்து காட்டுக்குள் போய்க் கம்பிக் கண்ணிகளை அறுத்துக்கொண்டிருக்கின்றன. இதற்கு நடுவே நம் நண்பர் கண்டுபிடித்திருக்கும் மருந்து, எஞ்சியிருக்கும் நாலு மானையும் காட்டுக்குள்ளிருந்து வெட்டவெளிக்கு வரவழைப்பது. தூண்டிலில் புழுவைக் கோத்துவிட்டு மீனுக்குச் சோறு போட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் தர்மம் இது.

பெர்ஹிலித்தானே காட்டுக்குள் செயற்கை உப்புத்தலம் அமைக்கிறதே, மேய்ச்சல் நிலம் பராமரிக்கிறதே என்று அவர் மடக்கப் பார்க்கிறார். நல்ல கேள்விதான், ஆனால் அது அவருக்கே எதிராகத் திரும்புகிறது. உப்புத்தலம் எனும் ஜெனூத்தை ஒட்டி வேட்டையாடச் சட்டம் விடுவதில்லை. ஏன்? உப்புக்காக மான் அங்கே வந்தே தீரும்; வந்தே தீரும் இடத்தில் காத்திருந்து சுடுவது வேட்டையே அல்ல என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். விலங்கு கூடுமிடத்தில் துப்பாக்கி கூடாது என்பது அதன் அடிப்படை. நண்பரின் திட்டம் இதை அப்படியே தலைகீழாக்குகிறது. துப்பாக்கி இருக்கும் இடத்தில் விலங்கைக் கூட்டுகிறது. தாமான் நெகாராவில் ஜெனூத் அருகே பரண் உண்டு. அதில் ஏறுபவர்கள் பார்க்கத்தான் ஏறுகிறார்கள்.

அடுத்து அமெரிக்கா. தனக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்து வந்திருக்கிறார். வெள்ளைவால் மான் 1900 வாக்கில் ஐந்து லட்சத்துக்கும் கீழே சரிந்திருந்ததாகவும் இன்று சுமார் மூன்று கோடி இருப்பதாகவும் மதிப்பிடுகிறார்கள். அதைத் தூக்கி நிறுத்தியது தீவனப் பாத்தியா? முதலில் சந்தைக்காகச் சுடுவதை ஒழித்தார்கள். சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதை 1900-இன் லேசி சட்டம் தடுத்தது. பல மாநிலங்கள் வேட்டையையே நிறுத்தி வைத்தன. 1937-இல் துப்பாக்கி, தோட்டா மீது போட்ட வரியை வனவிலங்குப் பணிக்கென்று ஒதுக்கினார்கள். மான் பெருகிய பிறகு வேட்டைக்காரர்களுக்குக் கிடைத்த வசதிதான் பாத்தி. நண்பர் விளைவைக் காரணமாக்கிவிட்டார். இன்றோ, மானின் மூளையைத் தின்னும் நோய் ஒன்று, 1967-இல் கொலராடோவில் முதலில் காணப்பட்டு, அங்கே பல மாநிலங்களில் பரவிவிட்டது. அது பரவிய இடங்களில் தீனி கொட்டி மானைக் கூட்டுவதையே பல மாநிலங்கள் தடுத்திருக்கின்றன. இந்தப் பக்கத்தை அவர் எங்கே ஒளித்து வைத்தார்?

மானும் வேறு மான். வெள்ளைவால் பெட்டை நல்ல தீனி கிடைத்தால் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். ருசா ஏறக்குறைய எட்டு மாதம் சுமந்து ஒன்றே ஒன்றுதான் போடும். அங்கே பனிக்காலத்தில் தழை இருக்காது. வசந்தத்தில் குட்டி பிறக்கும். வேட்டைப் பருவத்துக்கு அதனால் ஒரு பொருள் உண்டு. இங்கே ஆண்டு முழுதும் பச்சை. எந்த மாதத்திலும் குட்டியோடு ஒரு பெட்டை நிற்கலாம். எந்த மாதத்தை நண்பர் பருவம் என்று அறிவிப்பார்?

பாத்தி போட்டால் செம்பனைக் கன்று தப்பிக்கும் என்பது அவர் வாதங்களிலேயே வேடிக்கையானது. காட்டோரத்தில் மரவள்ளி நட்டால் முதலில் வருவது எது என்பது தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்: காட்டுப் பன்றி. இளங்கன்றின் குருத்தைக் குடைவதும் அதுதான். பின்னாலேயே முள்ளம்பன்றி வரும். கிழங்கைத் தின்ற பன்றி, கன்று எனக்கு வேண்டாம் என்று வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-இல் மலேசியாவுக்குள் வந்து காட்டுப் பன்றிகளையும் கொன்றிருக்கிறது. இந்தச் சமயத்தில் பன்றிகளை ஒரே பாத்தியில் கூட்டி மூக்கோடு மூக்கு உரசவிடுவது, பன்றிப் பண்ணை வைத்திருப்பவர் வயிற்றில் அடிக்கும் வேலை.

உரிமக் கட்டணத்தால் காட்டைக் காப்பாற்றுவாராம். எண்ணிக்கை தெரியாத மந்தைக்கு எத்தனை உரிமம் கொடுப்பது? எண்ணாமல் கொடுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு 2009-இல் வந்த தடையே சாட்சி.

கடைசி ஆயுதம் மரபு. எந்த மரபு? தோட்டத்தில் துப்பாக்கி பெரும்பாலும் துரையிடம் இருந்தது. நம் ஆட்களுக்குக் கிடைத்தது காட்டைக் கலைக்கும் வேலையும், பன்றி விழுந்தால் ஒரு பங்கு கறியும். துரைமார்களின் அந்தப் பழக்கத்தை நம் மரபென்று தலையில் தூக்கி வைத்துக்கொள்வதற்குள், அவர்களிலேயே ஒருவர் என்ன ஆனார் என்று பார்த்துவிடலாம். தியோடர் ஹப்பேக் யானையும் செலாடாங் எனும் காட்டுமாடும் சுட்டவர். அந்த வேட்டையைப் பற்றி 1905-இல் புத்தகமே போட்டவர். அதே மனிதர் 1930-இல் மலாயா வனவிலங்கு ஆணையத்துக்குத் தலைமை ஏற்றார். 1932-இல் மூன்று தொகுதிகளில் அறிக்கை கொடுத்தார். விலங்குகளுக்கு என்றே ஒரு காடு வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 1938-39-இல் உருவான ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்காதான் இன்றைய தாமான் நெகாரா. குறி பார்க்கத் தெரிந்தவரே வந்து சேர்ந்த முடிவு அது. காட்டை நம்பி வாழும் ஒராங் அஸ்லி மக்கள் சில விலங்குகளைத் தங்கள் உணவுக்காக மட்டும் வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. அது அவர்களுக்கு வாழ்க்கை. சனிக்கிழமை இரவு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நான்கு சக்கர வண்டியில் போகிறவர் அதில் பங்கு கேட்பது அநாகரிகம்.

இன்னொன்றும் உண்டு, நண்பர் ஒரு வரி கூட அதற்கு ஒதுக்கவில்லை. விடியற்காலைப் பெரட்டு முடிந்து குலை வெட்டப் போகிறவர்கள் நடக்கும் பாதையும் இந்தக் காட்டோரம்தான். அரையிருட்டில் அசைவதையெல்லாம் மான் என்று நினைக்கும் ஒருவருக்கும், நிரைக்குள் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவில் நான்கு செம்பனை மரம் இருக்கும், அவ்வளவே.

2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடுமையான குற்றங்களுக்குப் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் வைத்திருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து மானை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சொன்ன சொல்லுக்கு உண்மையாக இருங்கள் என்றுதான் கேட்கிறேன். மானிறைச்சிதான் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற மான் பண்ணைகள் நாட்டில் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடலாம். மான் பெருக வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், கண்ணியைக் கண்ட இடத்தைப் பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். புல்லைக் காடு பார்த்துக்கொள்ளும். அப்படியும் பாத்தி போட்டே தீருவேன் என்றால், முதலில் துப்பாக்கியையும் உரிமத்தையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வாருங்கள். விதைக்கு நான் பணம் தருகிறேன்.