புவியியல் படித்தால் புவியியலாளர் ஆக முடியாது!

கச்சிராயபாளையம் பக்கத்தில் ஒரு மரவள்ளித் தோட்டம். போர் போடுகிற ரிக் வண்டி வந்து நிற்கிறது. திருச்செங்கோட்டு வண்டிதான். இந்தியாவில் எந்த மூலையில் பூமியைத் துளைத்தாலும் துளைக்கிறவர் திருச்செங்கோட்டுக்காரராக இருப்பார் என்பது என் அனுபவம். வண்டிக்கு முன்னால் ஒரு பெரியவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு மெதுவாக நடக்கிறார். தேங்காய் எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே நீரோட்டம் என்று கணக்கு. ஒரு இடத்தில் நின்றது. கற்பூரம் ஏற்றி, துளைக்க ஆரம்பித்தார்கள். எண்ணூறு அடி போன பிறகும் வந்தது வெறும் புகைதான்.

"விடுங்க சார், நம்ம ராசி அப்படி" என்றார் தோட்டக்காரர். அந்தப் புகைக்காக அவர் வாங்கிய கடனுக்கு வட்டி என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ராசியெல்லாம் இல்லை. கீழே இருப்பது பாறை. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடினப் பாறைதான். இந்தப் பாறைக்கு அடியில் ஆறு ஓடுவதில்லை. மேலே மக்கிப்போன அடுக்கிலும், அதற்குக் கீழே பாறையில் விழுந்திருக்கும் விரிசல்களிலும்தான் தண்ணீர் நிற்கும். ஆழம் போகப் போக விரிசல் குறைந்துகொண்டே வரும். அதனால் எண்ணூறு அடிக்கு மேல் ஆயிரம் அடி என்று போவது பெரும்பாலும் சூதாட்டம். விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். தரையில் நான்கு கம்பிகளை நட்டு, மின்சாரம் பாய்ச்சி, எங்கே தடை குறைகிறது என்று அளந்து பார்க்கிற ஆள். அவருக்குப் பெயர் ஜியாலஜிஸ்ட்.

நான் பி.காம். டெபிட், கிரெடிட் தவிர வேறெதுவும் அறியாதவன். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது மறுநாள் வெள்ளிமலை டீக்கடையில் நண்பர் அறிமுகப்படுத்திய ஒரு பெண். கல்வராயன் மலையில் பிறந்த, மலையாளிப் பழங்குடிப் பெண். சின்ன வயதிலிருந்தே கல் பொறுக்குகிற பழக்கம். வெங்கச்சங்கல் எது, காக்காப்பொன் எந்த ஓடையில் மின்னும், சுக்கான்பாறை எங்கே வெட்டினால் வரும் என்று பார்க்காமலே சொல்கிறார். கள்ளக்குறிச்சியில் ஒரு அரசு பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கிறார்: 'புவியியல் மற்றும் சுரங்கத்துறை'. இதுதான் நம்ம படிப்பு என்று முடிவு செய்து, பிளஸ் டூவில் புவியியல் இருக்கும் குரூப்பில் சேர்ந்தார். காலேஜிலும் அதே புவியியல் டிகிரி. அப்புறம் எம்.எஸ்ஸி. ஜியாலஜிக்கு விண்ணப்பம் போட்டார்.

"நீ படிச்சது ஜியாகிரபிம்மா, இது ஜியாலஜி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. எங்கே போட்டிருந்தாலும் அநேகமாக இதே பதில்தான் வந்திருக்கும். குற்றவாளி அந்தப் பலகை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'புவியியல்' என்றால் ஜியாகிரபி. அரசாங்கத் துறையின் பலகையில் 'புவியியல்' என்றால் ஜியாலஜி. தேர்வாணையம் ஆளெடுக்கும்போது 'உதவிப் புவியியலாளர்' என்று அறிவிக்கிறது. அந்த வேலைக்குப் புவியியல் படித்தவர் விண்ணப்பிக்க முடியாது! நிலவியல், மண்ணியல், புவியமைப்பியல் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். செம்மொழிக்கு மாநாடு நடத்தினோம். ஒரு படிப்புக்கு ஒரே பெயர் வைக்க முடியவில்லை.

பெயர்க் குழப்பம் தீர்ந்துவிட்டால் மட்டும் போதுமா? இல்லை. அசல் பூட்டு உள்ளே இருக்கிறது.

எம்.எஸ்ஸி. ஜியாலஜியில் சேர பெரும்பாலான இடங்களில் பி.எஸ்ஸி. ஜியாலஜி கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்த பி.எஸ்ஸி. இருக்கும் கல்லூரிகள் மிகக் குறைவு. சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி என்று சொல்ல ஆரம்பித்தால் சீக்கிரமே பட்டியல் முடிந்துவிடும். சரி, பி.எஸ்ஸி.க்கு முன்னால்? பிளஸ் டூவில் ஜியாலஜி என்ற பாடமே நம் ஊரில் கிடையாது. எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் 'பாறை மற்றும் மண்' என்று ஒரு பாடம் வரும், ஞாபகம் இருக்கிறதா? அதோடு சரி. அதாவது, பதினேழு வயதுப் பிள்ளை தான் கேள்வியே படாத ஒரு பாடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கதவு சாத்தியாச்சு!

நம்மைப் போன்ற பி.காம். ஆசாமிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எம்.பி.ஏ. படிக்கலாம், வக்கீல் ஆகலாம், பேங்க் பரீட்சை எழுதலாம். ஏன், கலெக்டரே ஆகலாம். ஐ.ஏ.எஸ்.ஸுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். கல் குவாரிக் குத்தகைக் கோப்பில் கையெழுத்துப் போடுகிற கலெக்டர் பாறையைப் பற்றி ஒரு வரி படித்திருக்கவேண்டிய அவசியமில்லை. அந்தக் கோப்பில் குறிப்பு எழுதுகிற உதவிப் புவியியலாளருக்கு மட்டும் எம்.எஸ்ஸி. வேண்டும். மத்திய அரசின் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு (பாருங்கள், இங்கேயும் 'புவியியல்'!) யு.பி.எஸ்.ஸி. நடத்துகிற ஜியோ-சயின்டிஸ்ட் தேர்விலும் ஜியாலஜிஸ்ட் வேலைக்கு முதுகலைப் பட்டம் கட்டாயம். வயது 32-க்குள். பழங்குடியினருக்கு ஐந்து வருடச் சலுகை உண்டு. ஆனால், பட்டத்துக்கு வழி விடாமல் வயதில் சலுகை கொடுத்து என்ன பிரயோஜனம்?

எம்.எஸ்ஸி. கேட்பது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. ஓய்வு பெற்ற ஒரு ஜியாலஜி பேராசிரியரிடம் போனில் வம்புக்கு இழுத்தேன். மனிதர் கோபித்துக்கொண்டார். "ஒரு கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்கு இழைச்சு, கண்ணாடியில ஒட்டி, மைக்ராஸ்கோப்பில பார்த்து என்ன கனிமம்னு சொல்லணும். பாறை எந்தப் பக்கம் சாயுது, எத்தனை டிகிரின்னு வெயில்ல நின்னு அளந்து மேப் போடணும். அரியலூர்ல ஃபாசில் பார்க்கணும், சேலத்துல மேக்னசைட் பார்க்கணும். கடைசியில தனியா ஒரு ஆய்வு எழுதணும். நாலு செமஸ்டர்ல அடிப்படை தெரியாதவனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார். நியாயம். அணை கட்டுகிற இடத்தைப் பார்த்துச் சொல்லப்போகிற ஆளுக்கு அரைகுறைப் படிப்பு கூடாது.

ஆனால், அடிப்படை தெரியாதவருக்கு அடிப்படையைச் சொல்லிக்கொடுக்க வழியே இல்லையா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இயற்பியல், வேதியியல் படித்தவர் ஜியாலஜி மாஸ்டர்ஸுக்கு வரலாம். விடுபட்ட பாடங்களை, களப்பயிற்சி முகாம் உட்பட, முதலில் படித்து முடி என்று நிபந்தனை போட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள். அமெரிக்கா தூரம் என்றால் கேரளா பக்கம்தானே! அங்கே பிளஸ் டூவிலேயே ஜியாலஜி ஒரு விருப்பப் பாடம். பிஸிக்ஸ், கெமிஸ்ட்ரியோடு சேர்த்துப் படிக்கிறார்கள். பாலக்காட்டுக்குக் கிழக்கே வந்ததும் பாறை மாறிவிடுகிறதா என்ன?

மாறுகிறது என்று வைத்துக்கொண்டாலும் நம் பக்கம்தான் சுவாரஸ்யம் அதிகம். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் நம் பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. அந்தக் கல்லுக்கு 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற ஜியாலஜிஸ்ட் 'சார்னகைட்' என்று பெயர் வைத்தார். இன்றைக்கு உலகம் பூராவும் அதே பெயர்தான். கல்வராயன் மலையின் உடம்பு பெரும்பகுதி அந்த சார்னகைட்தான். சுமார் 250 கோடி வருடத்துக் கல். இந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. நிலா மண்ணைப் போலவே செயற்கையாக மண் தயாரித்து சந்திரயான்-2-ஐச் சோதிக்க இஸ்ரோ தேடியபோது, அந்த ஊர்ப் பாறைதான் பொருந்தியது. சேலம் பெரியார் பல்கலைக்கழக ஜியாலஜி துறை கைகொடுத்தது. நிலாவில் இறங்குவதற்கு ஒத்திகை பார்த்த கல் நம்முடையது. அதைப் படிக்க மட்டும் நம் பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியட் கிடையாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகுதான் கல்வராயன் மலை என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிந்தது. உயர் நீதிமன்றமும் தானாக முன்வந்து, அந்த மக்களின் நிலைமை என்ன என்று கேட்டது. ரோடு, ஆஸ்பத்திரி, ரேஷன் என்று பேச்சு நடந்தது. எல்லாம் வேண்டியதுதான். அந்தப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மலை மேலே ஒரு மேல்நிலைப் பள்ளியிலாவது பிளஸ் டூவில் ஜியாலஜி. கீழே கள்ளக்குறிச்சியில் ஒரு பி.எஸ்ஸி. 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டதே, இன்னும் எதற்கு சேலத்துக்கும் திருச்சிக்கும் பஸ் ஏற வேண்டும்? வேறு அறிவியல் படித்தவருக்கும், 'புவியியல்' பலகையை நம்பி ஏமாந்தவருக்கும் ஒரு வருட இணைப்புப் படிப்பு. அதில் தேறியவருக்கு எம்.எஸ்ஸி.யில் இடம். களப்பயணத்துக்கு ஆகும் செலவைப் பிள்ளைகள் தலையில் கட்டாமல் அரசே கொடுக்கட்டும். இதற்கு அதிகப் பணம் ஆகாது என்று சொல்ல நான் நிதியமைச்சர் இல்லை. ஆனால் வேலைக்கு ஆகாத போர்க்குழிகளில் நம் விவசாயிகள் கொட்டும் பணத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று ஒரு பி.காம். ஆசாமி தைரியமாகச் சொல்லலாம்.

அந்தப் பெண் இப்போது குரூப்-4 தேர்வுக்குப் படிக்கிறார். "அதுக்குப் பத்தாவது போதும் சார். பேரும் குழப்பமில்ல" என்று சிரித்தார்.

தோட்டக்காரர் நேற்று போன் செய்தார். தெற்கு மூலையில் இன்னொரு போர் போடப்போகிறாராம். தேங்காய்ப் பெரியவரை மாற்றிவிட்டார். இந்தத் தடவை வேப்பங்குச்சி வைத்துப் பார்க்கிற ஒருவர் ஆத்தூரிலிருந்து வருகிறாராம்.