தாம்சன் ரோடு பந்தயத்தை நிறுத்தியது சரிதான்

ஒவ்வோர் ஆண்டும் மரினா பேயில் கார்ப் பந்தயம் நெருங்கும்போது என் வயதொத்தவர்கள் ஒரே பாட்டை ஆரம்பித்துவிடுகிறார்கள். "இதெல்லாம் ஒரு ரேஸா? தாம்சன் ரோட்டில் நடந்ததே, அதுதான் ரேஸ்! அநியாயமாக நிறுத்திவிட்டார்கள்." நாலு பேர் இருந்தால் நாலு பேரும் தலையாட்டுகிறார்கள். என்னால் ஆட்ட முடியவில்லை. 1973ஆம் ஆண்டோடு அதை நிறுத்தியது சரி. என்னைக் கேட்டால் இன்னும் முன்னதாகவே நிறுத்தியிருக்கலாம்.

இளையவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையையும் பழைய அப்பர் தாம்சன் சாலையையும் அடைத்துவிட்டுப் பந்தயம் விடுவார்கள். ஒரு சுற்று மூன்று மைல். நேரான பகுதிக்குத் 'தாம்சன் மைல்' என்று பெயர். அதில் ஒரு மேடு உண்டு; வேகமாக வரும் கார் அங்கே சக்கரம் தரையில் படாமல் எழும்பும். பிறகு செம்பவாங் சர்க்கஸில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அதைத் தாண்டினால் காட்டுக்குள்ளே நெளிந்து போகும் 'பாம்புகள்', அடுத்து 'பிசாசு வளைவு'. பெயர் வைத்தவர்கள் விளையாட்டுக்கு வைக்கவில்லை.

அது பந்தயத்துக்கென்று போட்ட பாதை அல்ல, பஸ் ஓடும் ரோடு. ஓரத்தில் தந்திக் கம்பம், விளக்குக் கம்பம், மரம், பஸ் நிறுத்தம், ஆழமான லோங்காங். கூட்டத்துக்கும் காருக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படியான தடுப்பு எதுவும் இல்லை. பல தடவை மழை வேறு பெய்யும். 1964இல் மழையாலேயே பந்தயத்தைக் கைவிட்டார்கள்.

"அப்போதெல்லாம் நம்ம ஆட்கள் ஜெயித்தார்கள்" என்பது இவர்களுடைய முதல் வாதம். 1962இல் யோங் நாம் கீ ஜாகுவார் ஈ-டைப் காரில் ஜெயித்தது உண்மை. 1966இல் லீ ஹான் செங், 1967இல் ரோட்னி சியோ. அதற்குப் பிறகு? 1968இல் ஆஸ்திரேலியரான கேரி கூப்பர். 1969, 1970, 1971 மூன்று ஆண்டும் நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ். 1972இல் மேக்ஸ் ஸ்டூவர்ட், 1973இல் வெர்ன் ஷுப்பன், இருவரும் ஆஸ்திரேலியர்கள். கடைசி ஆறு பந்தயத்தில் ஒன்றுகூட நம்மவருக்கு இல்லை. நம்ம ஊர் ஆள் ஜெயிக்கிற காலம், அரசாங்கம் நிறுத்துவதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது.

ஏன் முடிந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜாகுவார் ஈ-டைப் என்பது பணம் இருந்தால் கடையில் வாங்கி, மறுநாள் அதிலேயே வேலைக்குப் போகக்கூடிய கார். லாரன்ஸ் 1970இல் கொண்டு வந்தது ஒற்றை இருக்கைப் பந்தயக் கார், ஃபெராரி 246டி. அதற்குமுன் கிறிஸ் ஏமன் ஓட்டியது. எட்டே ஆண்டில் கார் எங்கேயோ போய்விட்டது. ரோடு மட்டும் அதே ரோடு, அதே கம்பம், அதே லோங்காங். 1972இலும் 1973இலும் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. வளைவின் பெயரையெல்லாம் வரிசையாக ஒப்பிக்கிற நண்பர்களிடம், அங்கே செத்தவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். பேச்சு உடனே வேறு பக்கம் போய்விடும்.

"வீரம்" என்கிறார்கள். வீரம் ஓட்டியவனுக்கு இருந்தது, மறுக்கவில்லை. வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்த நமக்கு அதில் என்ன பங்கு?

மரினா பேயில் 2008இல் முதல் இரவுப் பந்தயம் நடந்தபோது நெல்சன் பிக்கே ஜூனியர், தன் அணிக்காரர் அலோன்சோ ஜெயிப்பதற்காக வேண்டுமென்றே சுவரில் மோதினார். கேவலமான வேலை, மறு ஆண்டு அது அம்பலமாகி ஊரே சிரித்தது. ஆனால் மோதிய மனிதர் காயமில்லாமல் இறங்கி நடந்து போனார். தாம்சன் ரோட்டில் மோசடிக்காகக்கூட எவனும் அப்படி மோதத் துணிந்திருக்க மாட்டான். இன்றைய சுவருக்கும் வேலிக்கும் ஆகிற செலவைப் பார்த்து வாயைப் பிளப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதற்காக மரினா பேயைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று எண்ண வேண்டாம். டிக்கெட் விலை நம் போன்றவர்களுக்கு இல்லை. சத்தம் காதைப் பிளக்கிறது. முக்கியமாக, உள்ளூர்ப் பையன் ஒருவன் பந்தயம் ஓட்ட ஆசைப்பட்டால் அவனுக்கு இந்தத் தீவில் இடமில்லை. செப்பாங்குக்குத்தான் போக வேண்டும். சாங்கியில் நிரந்தரப் பந்தயத்தளம் கட்டப்போவதாகச் சொன்னார்கள், அதுவும் பாதியிலேயே நின்றுபோனது. அதைக் கேட்டுச் சண்டை போடுங்கள், நானும் கூட வருகிறேன். செத்த ரோட்டுக்கு ஒப்பாரி வைப்பதால் எந்தப் பையனுக்கும் ஸ்டியரிங் கிடைக்கப் போவதில்லை.

பழைய அப்பர் தாம்சன் சாலை இப்போது ஒருவழிப் பாதை. பக்கத்திலேயே 2019இல் இயற்கைப் பூங்கா திறந்துவிட்டார்கள். அரிய வகை லங்கூர் குரங்குகள் அந்தச் சாலையைக் கடக்கின்றன. அவை அடிபடக் கூடாதென்று எவ்வளவோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள். 1973இல் அந்த ரோட்டில் மனிதனுக்கு அவ்வளவு ஏற்பாடு இல்லை.