சக்கரத்துக்கும் ஓர் அடையாளம் வேண்டும்: கார் வீல் திருட்டைத் தடுப்பது எப்படி?

காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரம். கார் நிறுத்திய இடத்தில்தான் நிற்கிறது. கண்ணாடி உடையவில்லை, கதவு பூட்டியபடியே இருக்கிறது. ஆனால் வண்டி செங்கல் அடுக்குகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. நான்கு அலாய் வீலும் டயரோடு போய்விட்டன. இப்படிப்பட்ட சிசிடிவி காட்சிகளை நாம் செய்தியில் பார்க்கிறோம், 'அடப்பாவமே' என்கிறோம், அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். "நம்ம ஏரியால அதெல்லாம் நடக்காது சார்" என்ற நம்பிக்கை எல்லோருக்கும் உண்டு, நடக்கும் வரை.

காருக்குச் செய்யும் பாதுகாப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட நாம் சக்கரத்துக்குச் செய்வதில்லை. திருடருக்கு அது நன்றாகவே தெரியும்.

ஏன் சக்கரம்?

முழுக் காரையும் திருடுவது இன்று முன்புபோல் எளிதில்லை. சாவியில் சிப், இம்மொபிலைசர், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், ஆர்.சி. புத்தகம், ஃபாஸ்டேக் என்று ஒரு காருக்கு ஏகப்பட்ட அடையாளங்கள். திருடிய காரை விற்க, போலி ஆவணம் தயாரிக்க வேண்டும் அல்லது பிரித்து விற்க வேண்டும்.

சக்கரத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆர்.சி. கிடையாது, பெயர் மாற்றம் கிடையாது. ஒரு நடுத்தர எஸ்.யூ.வி.யின் நான்கு அலாய் வீலையும் டயரோடு புதிதாக வாங்கினால் 60,000 ரூபாயைத் தாண்டும். பாதி விலைக்குக் கைமாறினாலும் திருடருக்கு ஒரு மாதச் சம்பளம். கழற்றத் தேவைப்படுவது ஒரு ஜாக்கி, ஒரு வீல் ஸ்பேனர், நான்கு செங்கல். பழகிய கைக்குச் சில நிமிட வேலை.

'அலாரம் இருக்கே' என்று கேட்கலாம். பெரும்பாலான கார்களில் கம்பெனி பொருத்தித் தரும் அலாரம், கதவோ பானட்டோ திறந்தால்தான் கத்தும். சக்கரத்தைக் கழற்றுபவர் கதவைத் தொடுவதே இல்லை. வண்டி ஒரு பக்கம் தூக்கப்படுவதை உணரும் டில்ட் சென்சார் பொதுவாக விலை உயர்ந்த கார்களில்தான் வருகிறது.

வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இன்னோவா, எர்டிகா போன்ற கார்களுக்கு இன்னொரு தலைவலி. அந்த ஸ்டெப்னியை இறக்க ஜாக்கிகூட வேண்டாம். போனது தெரிவதே, நடுவழியில் பஞ்சர் ஆகும்போதுதான்.

டயரில்தான் நம்பர் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அது உங்கள் டயரை மட்டும் குறிக்கும் நம்பர் இல்லை. பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். '2323' என்றால் 2023-ம் ஆண்டின் 23-வது வாரம். அதே வாரம் அதே ஆலையில் தயாரான அதே ரக டயர்கள் எல்லாவற்றிலும் இதே குறியீடுதான். அலாய் வீலின் உட்புறத்தில் இருக்கும் பார்ட் நம்பரும் அளவும் அப்படித்தான். போலீஸார் ஒரு குடோனில் 50 வீல்களைக் கைப்பற்றினாலும், 'இது என்னுடையது' என்று நீங்கள் நிரூபிக்க வழியில்லை. சக்கரத் திருட்டு லாபமான தொழிலாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

நாம் என்ன செய்யலாம்?

முதல் வேலை, வீல் லாக் நட். சக்கரத்துக்கு ஒன்று வீதம் நான்கு நட் அல்லது போல்ட் கொண்ட செட். இதற்கென்றே வரும் தனிச் சாவி இல்லாமல் சாதாரண ஸ்பேனரால் கழற்ற முடியாது. தரத்தைப் பொறுத்து ஆயிரம் ரூபாயிலிருந்து சில ஆயிரங்கள் வரை ஆகும். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு.

உங்கள் காரின் மரைக்குப் பொருந்த வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் 12 மில்லிமீட்டர் நட்டிலேயே மரை இடைவெளி 1.25, 1.5 என்று மாறும். நட் ரிம்மில் உட்காரும் பகுதி கூம்பா, உருண்டையா என்பதும் முக்கியம். பொருந்தாத நட், ஓட ஓடத் தளரும்.

மலிவான லாக் நட்டின் தலைமேல் ஒரு சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கித் திருகிவிட முடியும். வெளிப்புறத்தில் தனியாகச் சுழலும் வளையம் உள்ள ரகத்தில் அந்தப் பிடி கிடைக்காது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து அதையே வாங்குவது நல்லது.

காற்றழுத்த கன் வைத்து முடுக்க விடாதீர்கள்; லாக் நட்டின் பள்ளங்கள் தேய்ந்துவிடும். கையால் முடுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சால் காரின் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

சாவி காருக்குள் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். டேஷ்போர்டு அறை மட்டும் வேண்டாம், திருடர் முதலில் கை வைப்பது அங்கேதான். செட்டோடு வரும் கோடு நம்பர் அட்டை வீட்டில் இருக்கட்டும். சாவி தொலைந்தால் மாற்றுச் சாவிக்கு அந்த நம்பர்தான் கதி.

இரண்டாவது, அடையாளம். ரிம்மின் உட்புறத்தில் வண்டியின் பதிவு எண்ணையோ சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களையோ மேலாகப் பொறித்து வையுங்கள். ஆழமாகக் கீறக் கூடாது. ஐந்து சக்கரங்களையும், டயர் குறியீடுகளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடையிலோ சர்வீஸிலோ நல்ல டயருக்குப் பதில் தேய்ந்த டயர் மாறி வந்ததாகப் புலம்புகிறவர்கள் நம்மிடையே நிறைய. வண்டியை விடும்போது எடுத்த படம் இருந்தால் அந்த வாக்குவாதம் இரண்டு நிமிடத்தில் முடியும்.

மூன்றாவது, நிறுத்தும் இடம். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடம், கேமரா பார்க்கும் கோணம், ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி நிறுத்துவது. ஊருக்குப் போகும்போது வாரக்கணக்கில் தெருவில் நிற்கும் காருக்கு வீல் கிளாம்ப் பூட்டலாம். அது ஒரு சக்கரத்தைத்தான் காக்கும் என்றாலும், பார்த்த உடனே திருடரை அடுத்த வண்டிக்கு அனுப்பும். வண்டிக்கு அடியில் இருக்கும் ஸ்டெப்னிக்குச் சங்கிலிப் பூட்டு போதும்.

இதில் எதுவுமே நூறு சதவீதப் பாதுகாப்பு இல்லை. ஐந்து நிமிட வேலையை இருபது நிமிட வேலையாக்கி, சத்தமும் வரவைத்தால் பெரும்பாலான திருடர்கள் விட்டுவிடுவார்கள். இலக்கு அவ்வளவுதான்.

பாதியில் விட்டுப்போனால்தான் ஆபத்து

சக்கரம் போனால் பணம் போகும். திருடர் பாதியில் ஓடிவிட்டால் உயிரே போகலாம். இரண்டு, மூன்று நட்களைத் தளர்த்திய நேரத்தில் யாரோ வருகிறார்கள், ஆள் ஓடிவிடுகிறார். விஷயம் தெரியாமல் காலையில் நீங்கள் வண்டியை எடுத்து நெடுஞ்சாலையில் ஏறுகிறீர்கள். வீல் கேப் கீழே கிடந்தாலோ, நட்டின்மேல் புதுக் கீறல் தெரிந்தாலோ, ஓட்டும்போது டக் டக் என்று சத்தம் வந்தாலோ, உடனே நிறுத்தி எல்லா நட்களையும் சரிபாருங்கள்.

சக்கரம் போயிருந்தால், முதலில் எதையும் நகர்த்தாமல் படம் எடுங்கள். செங்கல்மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகவே கூடாது. அடுத்து போலீஸ், அன்றே இன்சூரன்ஸ் கம்பெனி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். மின்னணு முறையிலும் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பினால் திருப்தி அடைந்துவிடாதீர்கள், இன்சூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர். கேட்பார்கள்.

இன்சூரன்ஸ் எவ்வளவு தரும்?

தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் ஒரு ரூபாயும் வராது. சொந்தச் சேதத்துக்கான பாலிசி இருந்தால், காரில் பொருத்தியிருக்கும் பாகங்கள் திருடு போனதற்கும் கேட்கலாம். ஆனால் முழுத் தொகை எதிர்பார்க்காதீர்கள். வழக்கமான பாலிசியில் டயருக்குத் தேய்மானம் 50 சதவீதம். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கூடும்.

உதாரணத்துக்கு, மூன்றரை வயது கார். நான்கு ரிம் 32,000 ரூபாய், நான்கு டயர் 32,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரிம்முக்கு 25 சதவீதம் கழித்தால் 24,000, டயருக்குப் பாதி 16,000. 1500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கடைசியில் கைக்கு வருவது 39,000. மீதி 25,000 உங்கள் பையிலிருந்து. அதோடு, ஐந்து வருடம் சேர்த்து 50 சதவீதம் வரை வந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸும் போகும்.

'பம்பர் டு பம்பர்' எடுத்திருந்தாலும் டயருக்குப் பல நிறுவனங்கள் முழுத் தொகை தருவதில்லை. டயர் பாதுகாப்பு என்று தனியாக விற்கும் திட்டம் பலவற்றில் திருட்டு சேராது. வெளியில் வாங்கிப் போட்ட அலாய் வீலை பாலிசியில் சொல்லி, அதற்கும் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது கணக்கிலேயே வராது.

'ஓனர் ரிஸ்க்' பலகை

கட்டணம் வாங்கும் பார்க்கிங் எல்லாவற்றிலும் 'வாகனத்துக்கு உரிமையாளரே பொறுப்பு' என்று ஒரு பலகை தொங்கும். தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சாவியை வாங்கிக்கொண்டு வாலே பார்க்கிங்கில் நிறுத்திய காரை அலட்சியத்தால் பறிகொடுத்துவிட்டு இப்படி ஒரு வரியைக் காட்டி ஹோட்டல் தப்ப முடியாது என்று சொன்னது. எல்லா பார்க்கிங்குக்கும் இது அப்படியே பொருந்தாது. ஆனாலும் டோக்கனைப் பத்திரமாக வையுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறார்கள். வாசலில் இருக்கும் கேமரா பார்க்கிங்கையும் பார்க்கிறதா, பதிவு எத்தனை நாள் இருக்கிறது என்று அடுத்த கூட்டத்திலாவது கேளுங்கள்.

வாங்குபவர் இல்லாமல் திருடர் இல்லை

உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் சோத்தி கஞ்ச் என்றொரு சந்தை. திருட்டு வண்டிகளை உடைத்து உதிரி பாகமாக விற்பதற்குப் பல ஆண்டுகளாகவே பேர்போன இடம். 2021-ன் இறுதியில் போலீஸார் அதை மூடினார்கள். வியாபாரிகள் சிலரின் சொத்துகளும் முடக்கப்பட்டன. அத்தனை ஆண்டுகள் அந்தச் சந்தை ஓடியது திருடர்களால் மட்டுமா? பில் கேட்காமல் வாங்கிய ஆயிரக்கணக்கான சாதாரண மக்களாலும்தான்.

சென்னை புதுப்பேட்டை உட்பட எல்லா ஊர் உதிரி பாகச் சந்தையிலும் நேர்மையாகப் பிழைப்பவர்களே அதிகம். அவர்களைக் காப்பாற்றவாவது, பழைய வீல் வாங்கி விற்பவர் கொண்டுவந்தவரின் பெயர், வண்டி எண் இரண்டையும் பதிவு செய்வது கட்டாயமாக வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. அதையே வழக்கமாகச் செய்தால் ஆயுள் தண்டனை வரை போகும். சட்டம் இருக்கிறது, கணக்குப் புத்தகம்தான் இல்லை.

வாகன உதிரி பாகங்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்புள்ளிகளைப் பதித்து அடையாளம் காண, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2019-லேயே ஒரு வரைவு அறிவிக்கை வெளியிட்டது. அதில் கட்டாயம் என்ற சொல் இல்லை. 15 லட்சம் ரூபாய்க்குக் கார் விற்கும் நிறுவனத்துக்கு, ஒவ்வொரு ரிம்மிலும் தனி எண் பொறிப்பதும், லாக் நட் செட் ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பதும் பெரிய செலவே இல்லை. வாங்குபவர்கள் கேட்டால் கொடுப்பார்கள், அரசு சொன்னால் கட்டாயம் கொடுப்பார்கள்.

அதுவரை நம் கையில் இருப்பது இரண்டு. இந்த வாரமே நான்கு லாக் நட் வாங்கிப் போடுவது ஒன்று. பாதி விலைக்கு அலாய் வீல் தருகிறேன் என்று யாராவது சொன்னால், "பில் இருக்கா?" என்று கேட்பது இன்னொன்று. பில் இல்லை என்றால், அது வேறொருவர் காரிலிருந்து கழற்றியதாக இருக்கலாம்.