இருபது நிறையறதுக்குள்ள கோர்ட்டுக்குப் போங்க

பதினெட்டு நிறையாத பொண்ணுக்குத் தாலி கட்டினா அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லாது, பிடிக்கலைன்னா சும்மா விலகி வந்துடலாம்னு நம்ம ஆளுங்க நினைக்கறாங்க. ஊருக்குள்ள இருக்கறவங்க மட்டும் இல்லீங்க. சென்னையிலயும் பெங்களூர்லயும் வேலை பாக்கற எங்க சொந்தக்காரப் பிள்ளைங்களும் போன்ல இதையேதான் சொல்றாங்க. அது உண்மை இல்லை. இந்த நினைப்பாலயே சில பொண்ணுங்க அந்தப் பக்கமும் போக முடியாம இந்தப் பக்கமும் வர முடியாம நிக்கறாங்க.

2006ஆம் வருசத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் சொல்றது இதுதான். வயசு நிறையாம கல்யாணம் ஆன பொண்ணு கோர்ட்டுல மனுப் போட்டா, அந்தக் கல்யாணத்தை ரத்து பண்ணலாம். மனுப் போட்டுத் தீர்ப்பு வாங்கற வரைக்கும் அது கல்யாணம்தான். சென்னை உயர் நீதிமன்றத்து முழு அமர்வும் 2011ல இதைத் தெளிவாச் சொல்லிடுச்சு. நிலத்து விசயமா யோசிச்சா நம்மளுக்குச் சுலபமாப் புரியும். கிரயப் பத்திரத்துல கோளாறு இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கலாம். ஆனாலும் முறைப்படி ரத்து பண்ணாத வரைக்கும் வில்லங்கச் சான்றுல அந்தப் பதிவு அப்படியேதான் நிக்கும்.

இன்னொரு விசயம் யாருக்குமே தெரியறதில்லை. இந்த மனுவுக்குக் கெடு உண்டு. பொண்ணுக்குப் பதினெட்டு நிறைஞ்சு ரெண்டு வருசம் முடியறதுக்குள்ள, அதாவது இருபது நிறையறதுக்குள்ள மனுப் போட்டாகணும்.

இந்தக் காலத்துலயும் இப்படிக் கல்யாணம் நடக்குதான்னு நீங்க கேக்கலாம். நடக்குதுங்க. எங்க சேலம், நாமக்கல் பக்கம் பத்தாவது பரீட்சை முடிஞ்ச கோடை லீவுலதான் அதிகம். 'பொண்ணு போன்ல யார்கிட்டயோ பேசறா', 'பாட்டி கண்ணை மூடறதுக்குள்ள பாக்கணும்ங்குது', இப்படி ஏதாவது ஒரு காரணம் சொல்லுவாங்க. மாப்பிள்ளை வீட்டுக்கும் அவசரம். முப்பது, முப்பத்தஞ்சு தாண்டியும் பொண்ணு கிடைக்காத பசங்க எங்க பக்கம் ஊருக்கு ஊரு இருக்காங்க. பொறந்த பொட்டப்பிள்ளைகளைக் கொன்ன பாவத்துக்காகத்தான் 1992ல தொட்டில் குழந்தைத் திட்டத்தை நம்ம சேலத்துல ஆரம்பிச்சாங்க. அன்னிக்கு வேண்டாம்னு ஒதுக்கின பொண்ணை இன்னிக்குப் பத்தாவது வகுப்புல போய்த் தேடறாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகளுக்குப் பதினாறு வயசுல கல்யாணம் ஆச்சு. மாப்பிள்ளை லாரி டிரைவர், வயசு இருபத்தொம்பது. எட்டு மாசத்துல பொண்ணு பொட்டியோட திரும்பி வந்துட்டா. ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உக்காந்து பேசி, நூறு ரூபா பத்திரத்துல 'இனி எங்களுக்குள் எந்த உறவும் இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. போட்ட நகையில பாதிதான் திரும்பி வந்துச்சு. போதும்னு விட்டுட்டாங்க. அந்தப் பொண்ணு பன்னெண்டாவது முடிச்சு, காலேஜுக்கும் போயிட்டா.

போன வருசம் ஒரு நல்ல இடம் கேட்டு வந்தாங்க. மாப்பிள்ளை வீட்டார் விவரமானவங்க. அந்தப் பத்திரத்தை ஒரு வக்கீல்கிட்ட காட்டியிருக்காங்க. 'இதுக்குச் சட்டத்துல மதிப்பில்லை. அந்தப் பொண்ணு இன்னும் அடுத்தவன் சம்சாரம்தான். இப்ப கட்டினா ரெண்டாவது கல்யாணம்னு ஆயிடும்'னு அவர் சொல்லிட்டார். பொண்ணோட அம்மா எங்க வீட்டுத் திண்ணையில வந்து உக்காந்து, "ஏனுங்ணா, எல்லாரும் கையெழுத்துப் போட்டும் முடியலீங்களா?"ன்னு அழுதுச்சு. பொண்ணுக்கு அப்ப பத்தொம்பது வயசு ஏழு மாசம்.

நான்தான் அவங்களைக் கோர்ட் வளாகத்துல இருக்கற சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனேன். பொம்பளைங்களுக்கும் குழந்தைங்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காம அங்க இலவசமா வக்கீல் வச்சுத் தருவாங்க. 1987ஆம் வருசத்துச் சட்டம் குடுத்த உரிமை அது. எங்களுக்கு ஒரு வக்கீலம்மா வந்தாங்க. பொண்ணுகிட்ட, "உனக்கு விவாகரத்து வேண்டாம்மா. ரத்து கேக்கலாம்"னாங்க.

ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குங்க. விவாகரத்துங்கறது கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு, இப்ப முறிக்கிறோம்னு சொல்றது. ரத்துங்கறது அந்தக் கல்யாணத்தையே சட்டத்தின் கண்ணுல இல்லாமப் பண்றது. ரத்து ஆகும்போது ரெண்டு பக்கமும் வாங்கின நகை, பணம், சீர் சாமானைத் திருப்பிக் குடுக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போடணும். பொண்ணு மறுபடி கல்யாணம் பண்ணிக்கற வரைக்கும் ஜீவனாம்சம் கேக்கலாம். குழந்தை பொறந்திருந்தா அது முறைப்படி பொறந்த குழந்தைதான். இவ்வளவும் சட்டத்துலயே எழுதியிருக்கு.

வக்கீலம்மா கேட்டது பிறப்புச் சான்று, பத்தாவது மார்க் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, போட்டோ. வயசு நிறையாத கல்யாணத்தை யாரும் பதிவு பண்ணியிருக்க மாட்டாங்க. அதனால பத்திரிகையும் போட்டோவும்தான் சாட்சி. வீட்ல இருந்தா கிழிச்சுப் போடாம வைங்க.

இனிதான் சிக்கல். பொண்ணோட அப்பா, "மனுப் போட்டா எங்களையே உள்ள தள்ளிடுவாங்களா மேடம்?"னு கேட்டார். அவர் பயம் நியாயம்தான். இப்படிக் கல்யாணம் பண்ணி வச்ச பெரியவங்களுக்கு ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயிலும், ஒரு லட்சம் வரைக்கும் அபராதமும் சட்டத்துல உண்டு. மாப்பிள்ளை பக்கம் போக்சோ பயமும் இருக்கு. வக்கீலம்மா பூசி மெழுகலை. "ரத்து மனு சிவில் விவகாரம். ஆனா கிரிமினல் கேஸ் வரவே வராதுன்னு என்னால எழுதித் தர முடியாது. உங்க பயம் பெருசா, இவ வாழ்க்கை பெருசான்னு நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னாங்க. அவர் ஒரு வாரம் யோசிச்சுட்டுச் சரின்னார். கெடுவுக்கு நாலு மாசம் இருக்கும்போது மனுப் போட்டாச்சு. வழக்கு நடக்குது. தீர்ப்பு எப்ப வந்தாலும் சரி, மனு நேரத்துல விழுந்ததுதான் முக்கியம்.

அதே ஆபீஸ்ல நாங்க உக்காந்திருக்கும்போது இன்னொரு பொண்ணு வந்துச்சு. அதே கதைதான், ஆனா வயசு இருபத்தொண்ணு. அதுக்கு இனி இந்தச் சட்டத்துல வழி இல்லை. விவாகரத்துக் கேஸ்தான் போடணும். அவன் ஒத்துக்கலைன்னா இவதான் காரணம் சொல்லி நிரூபிக்கணும். விவரம் தெரியாததுக்கு அந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு தண்டனை.

இங்கதான் சட்டத்து மேல எனக்குக் கோவம் வருது. பதினெட்டுல இருந்து இருபது வரைக்கும் ஒரு கிராமத்துப் பொண்ணு யார் வீட்ல சோறு திங்கறா? கல்யாணம் பண்ணி வச்ச அதே அப்பன் வீட்ல, இல்லைன்னா புருசன் வீட்ல. அவ சொந்தக் கால்ல நின்னு தனியா ஒரு வக்கீலைப் போய்ப் பாக்கற தைரியம் வரும்போது கெடு முடிஞ்சிருக்கும். கர்நாடகாவுல இந்த மாதிரிக் கல்யாணம் ஆரம்பத்துல இருந்தே செல்லாதுன்னு சட்டத்தைத் திருத்திட்டாங்க. நம்மளும் அப்படிப் பண்ணணும்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அதுல முழுச் சம்மதம் இல்லை. கையில குழந்தையோட, அவனோடவே வாழ்ந்துக்கறேன்னு சொல்ற பொண்ணும் இருக்கா. முடிவு அவ கையில இருக்கட்டும். கெடுவை மட்டும் இருபத்தஞ்சு வயசு வரைக்கும் நீட்டட்டும்.

முடியாத காரியம்னு நினைக்காதீங்க. ராஜஸ்தான் ஜோத்பூர்ல ஒரு வயசுல கல்யாணம் பண்ணி வச்ச பொண்ணு, பதினெட்டு வயசுல விசயம் தெரிஞ்சு, சாரதி அறக்கட்டளையோட கிருதி பாரதிங்கறவங்க உதவியால 2012ல அந்தக் கல்யாணத்தை ரத்து பண்ணிக்கிட்டா. எழுத்து வாசனை கம்மியான ஊர்லயே நடந்த காரியம் அது.

பட்டணத்துல இருக்கற உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். ஊர்ல ஏதாவது பிரச்சினைன்னா சொந்தக்காரங்க முதல்ல போன் பண்றது உங்களுக்குத்தான். கல்யாணம் நடக்கப் போகுதுன்னா 1098க்குச் சொல்லுங்க. நடந்து முடிஞ்சு பொண்ணு திரும்பி வந்துட்டான்னா, 'பேசித் தீத்துக்கங்க'ன்னு சொல்லிப் போனை வைக்காதீங்க. அவளுக்கு எந்தத் தேதியில இருபது நிறையுதுன்னு முதல்ல கேளுங்க. அப்புறம் 15100க்குக் கூப்பிட்டு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீசுக்கு வழி சொல்லுங்க. கூடப் போறதுக்கு ஊர்ல ஒரு பெரியப்பனோ சித்தப்பனோ கண்டிப்பா இருப்பாங்க.