பால் காய்ச்ச எந்த மாதம்?



ஆவணி பிறந்த முதல் வாரத்தில் ரந்தாவிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் அழைத்தார். இதழ் வந்து சேரவில்லை என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "சார், ஆடி முடியட்டும்னு காத்திருந்து நேத்துதான் வீட்டுக்கு புக்கிங் கட்டினோம். விக்கிறவங்களும் அந்த விலைக்குச் சரின்னுட்டாங்க. தையில பால் காய்ச்சிடலாமா? அப்பா காலண்டரும் கையுமா உக்காந்திருக்காரு" என்றார்.

பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! எனக்கு நாள் குறிக்கத் தெரியாது. மாதம் எண்ணத் தெரியும், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் எண்ணியவன். விரல்விட்டு எண்ணிவிட்டு, "கிராண்டுல சிக்கல் இல்லேன்னா தை கிடைக்கும்மா. இருந்தா சித்திரை" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அவ்வளவு நாளா? காசு கட்டியாச்சே சார்!"

அந்தக் கேள்விக்குத்தான் இந்த மாதப் பக்கம்.

இரண்டு லட்சத்து எண்பதாயிரம் மலேசிய வெள்ளிக்குச் சிரம்பான் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் பழைய ஒற்றை மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். விலை படிந்ததும் இரண்டோ மூன்றோ விழுக்காடு முன்பணம் கட்டுகிறோம். அதைத்தான் நம்மவர்கள் புக்கிங் என்கிறார்கள். வழக்கமாக இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்கல் விற்றல் ஒப்பந்தத்தில் கையெழுத்து. அன்று முன்பணத்தையும் சேர்த்துப் பத்து விழுக்காடு, அதாவது 28,000 வெள்ளி போயிருக்க வேண்டும். மீதி 2,52,000 வெள்ளியைக் கட்ட மூன்று மாதம் தவணை. அதற்குள் முடியாவிட்டால் இன்னும் ஒரு மாதம் உண்டு, ஆனால் சும்மா இல்லை. பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஆண்டுக்கு எட்டு விழுக்காடு வட்டி, நாள் கணக்கில். முழுத் தொகையும் பாக்கி என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 55 வெள்ளி. ஆவணி முதல் வாரத்தில் புக்கிங், புரட்டாசி பிறக்குமுன் கையெழுத்து, மார்கழி தொடக்கத்தில் மூன்று மாதம், வட்டி மாதத்தையும் சேர்த்தால் தைப்பொங்கல். என் விரல் கணக்கு இவ்வளவுதான்.

அந்த மூன்று மாதமும் பணம் எங்கேயோ தூங்குவதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் காகிதங்கள் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். நம் லாயர் நில அலுவலகத்தில் கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, தேடிப் பார்ப்பார், விற்பவர் திவாலானவரா என்று விசாரிப்பார், வேறு யாருக்கும் கைமாறிவிடாமல் தடைப்பதிவு போடுவார். வங்கி மதிப்பீட்டாளரை அனுப்பும். கடன் பத்திரங்களை இன்னொரு லாயர் எழுதுவார். முத்திரை வரிக்குப் பத்திரம் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குப் போகும். முதல் வீடாக இருந்து, விலை ஐந்து லட்சத்தைத் தாண்டாவிட்டால், 2021 முதல் அரசு தந்துவரும் முத்திரை வரி விலக்கை லாயரிடம் கேட்டு வாங்க மறக்காதீர்கள். இந்த விலைக்கு அது உரிமை மாற்றப் பத்திரத்தில் மட்டும் 4,600 வெள்ளி.

பெரும்பாலும் நேரத்தைத் தின்பது விற்பவரின் பழைய கடன். அவர் வீடும் ஒரு வங்கியில் அடமானத்தில்தான் இருக்கும். பாக்கி எவ்வளவு என்று அந்த வங்கி கடிதம் தரவேண்டும். நம் வங்கி அந்தத் தொகையைக் கட்டவேண்டும். கட்டிய பிறகு அந்த வங்கி மூலக் கிராண்டையும் அடமானம் நீக்கும் படிவத்தையும் விடுவிக்க வேண்டும். அதற்கப்புறம் அடமான நீக்கம், பெயர் மாற்றம், புது அடமானம் மூன்றும் ஒன்றாக நில அலுவலக முகப்புக்குப் போகும். 16என், 14ஏ, 16ஏ என்று அந்தப் படிவங்களுக்கு எண்கள் உண்டு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி நின்றால் எல்லாம் நிற்கும். நான் வாங்கியபோது விற்பவரின் வங்கி (பெயர் வேண்டாம்) அந்த ஒற்றைக் கடிதத்துக்கு ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. நடுவில் தீபாவளி வந்தது, பள்ளி விடுமுறை வந்தது, என் லாயர் அலுவலகத்தில் கோப்பைப் பார்த்துவந்த பெண் பிரசவத்துக்குப் போனார். யாரைக் கோபிப்பது?

தமிழ்நாட்டு உறவினர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். காலையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பத்திரம் பதிந்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுகிறவர்கள் அவர்கள். ஆனால் அங்கே வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் என்று அலைச்சல் முன்னால் இருக்கிறது, பட்டா மாற்றுகிற அலைச்சல் பின்னால் இருக்கிறது. இங்கே எல்லாம் நடுவில் வந்து குவிகிறது. காரணம் உண்டு. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த பதிவு முறைதான் நம் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்துக்கும் அடிப்படை. பத்திரம் கையில் இருந்தால் போதாது, அரசின் பதிவேட்டில் பெயர் ஏறவேண்டும். ஏறிவிட்டால், மோசடியோ கள்ளக் கையெழுத்தோ இல்லாதவரை, அதை அசைப்பது கடினம். இங்கிலாந்தில் இதைவிடக் கொடுமை. விலைக்குச் சரி என்று சொன்ன பிறகும் ஒப்பந்தப் பத்திரங்களைப் பரிமாறிக்கொள்ளும் நாள்வரை இரு பக்கமும் எழுந்து போய்விடலாம். நாலு மாதம் காத்திருந்து வீட்டை இழந்தவர்கள் அங்கே சர்வசாதாரணம்.

அந்த வாசகியின் "அவ்வளவு நாளா?" என்னை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டது. லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் என் தாத்தாவுக்கு வீடு கிடைக்க ஒரு பகல் ஆனதாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்தார், தோட்டத்துக் கிராணி செக்ரோல் ஏட்டில் எழுதினார், சாயங்காலம் பாட்டி லயத்து வரிசை வீட்டில் அடுப்பு மூட்டினார். சாவி என்று ஒன்று கிடையாது, உள்தாழ்ப்பாள் மட்டும். கையெழுத்தும் இல்லை, காகிதமும் இல்லை. வந்த வேகத்திலேயே போகவும் செய்யும். ஐம்பத்தைந்து வயதில் கத்தியைக் கீழே வைத்தால் வீட்டையும் வைத்துவிட்டுக் கிளம்பவேண்டும். முப்பது வருடம் மெழுகிய தரை, வாசலில் தானே நட்ட முருங்கை, எதற்கும் ஈடு கிடையாது. 1990இல் வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் கூரை, தண்ணீர், கழிப்பறை எப்படி இருக்கவேண்டும் என்று சொன்னது. வீடு யாருடையது என்பதில் அது கை வைக்கவில்லை.

ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக் கிளம்பத் தொடங்கியபோது தோட்டத் துண்டாடல் என்ற சொல் நம் வீடுகளுக்குள் வந்தது. தோட்டம் துண்டானால் லயமும் போயிற்று. அதற்குத் தடுப்பணையாகத்தான் அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கித் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்தார். பால் வெட்டுகிறவன் நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆகலாம் என்று கேட்டபோது பலர் நம்பவில்லை, சிலர் மாதாமாதம் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் கொள்முதல். அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளர்களுக்கு 60,000 வெள்ளி வரையிலான மலிவு விலை வீட்டுக்கு நான்கு விழுக்காட்டு வட்டியில் தேசிய சேமிப்பு வங்கி வழியாகக் கடன் என்று அறிவித்தார்கள். திருப்பிக் கட்ட நாற்பது ஆண்டு, இரண்டாம் தலைமுறை வரை. அப்பன் தொடங்கி மகன் முடிக்கவேண்டிய தவணை. அதோடு ஒப்பிட்டால் நாலு மாதம் எனக்கு நீளமாகத் தெரியவில்லை.

இன்று சிரம்பான் 2, நீலாய், செண்டாயான் என்று தாமான்கள் எழுந்து நிற்பதில் பெரும்பகுதி பழைய ரப்பர், செம்பனைக் காடு. பாட்டி பால் எடுத்த நிரையில் பேரன் வீடு வாங்குகிறான். அங்கே புதுவீடு வாங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு: தரை வீடு என்றால் 24 மாதம், அடுக்குமாடி என்றால் 36 மாதம், தாமதித்தால் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு இழப்பீடு. அந்த இழப்பீட்டுக் கணக்கு புக்கிங் பணம் கட்டிய நாளிலிருந்தே தொடங்கும் என்று 2021 சனவரியில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அந்தச் சின்ன ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வாசகியின் கதைக்கு வருகிறேன். நான் சொன்ன "கிராண்டுல சிக்கல்" என்ன? கிராண்டில் கட்டுப்பாடு பற்றிய ஒரு வரி இருக்கும். மாநில அரசின் ஒப்புதல் இன்றி கைமாற்றக் கூடாது என்று அங்கே எழுதியிருந்தால் முதலில் அந்த ஒப்புதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். குத்தகை நிலங்களிலும் பழைய மலிவு விலை வீடுகளிலும் இது அதிகம். ஒப்புதல் கடிதம் வந்த பிறகுதான் அந்த மூன்று மாதமே எண்ணத் தொடங்கும். அது ஒரு மாதத்தில் வருவதும் உண்டு, மூன்று நாலு மாதம் இழுப்பதும் உண்டு. நம் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இன்னொன்றும் பார்க்கவேண்டும். மலாய் ஒதுக்கீட்டு நிலம் நமக்கு மாற்றமுடியாது. ரெம்பாவ், கோலப்பிலா, தம்பின், ஜெலெபு பக்கம் அடாட் எனும் மரபு நிலம் உண்டு. அது பெர்பாத்தே மரபில் பெண்வழி இறங்கும் குலச்சொத்து, வெளியாருக்குப் போகாது. (பெண் பெயரில் நிலம் என்பதை அவர்கள் வழிவழியாகச் செய்கிறார்கள். நாமோ இருவர் சம்பளத்தில் கட்டும் வீட்டுக் கிராண்டில் ஒருவர் பெயரை மட்டும் எழுதிவிட்டு வருகிறோம். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.) விலை மலிவு என்று யாராவது சொன்னால், முதலில் கிராண்டின் நகலைக் கேளுங்கள். புக்கிங் கட்டுவதற்கு முன் கேளுங்கள், பின்னால் அல்ல.

முன்பணத்தைத் தனியாள் கணக்கில் போடாதீர்கள். ஏஜெண்டின் ரென் (REN) பதிவு எண்ணைப் பார்த்து, நிறுவனத்தின் கணக்கில் கட்டுங்கள். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்ற வரி அந்த முதல் தாளிலேயே இருக்கட்டும். இந்த வாசகிக்கு முதல் வங்கி கைவிரித்துவிட்டது. தம்பியின் மோட்டார் சைக்கிள் கடனுக்கு எப்போதோ ஜாமீன் போட்டிருந்தார், தம்பி நாலு மாதம் கட்டவில்லை, அது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் பதிவில் அவர் பெயரிலும் தெரிந்தது. பாக்கியை அடைத்துவிட்டு, இரண்டாவது வங்கியில் கிடைத்தது. சேமநிதியிலிருந்து எடுத்துப் பத்து விழுக்காட்டைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். சேமநிதி வாரியம் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகே பணம் தரும், ஒப்பந்தமோ பத்து விழுக்காட்டைப் பார்த்த பிறகே கையெழுத்தாகும். கடைசியில் கூட்டுப்பணம் எடுத்தும் அக்காவின் சங்கிலியை அடகு வைத்தும் சமாளித்தார்கள். நம் வீடுகளில் அந்த இடைவெளியை நிரப்புவது பெரும்பாலும் ஒரு சங்கிலிதான்.

கிராண்டில் அந்த வரி இருந்தது. தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை. ஒப்புதல் கார்த்திகை நடுவில் வந்தது. மூன்று மாதம் என்றால் மாசி, வட்டி மாதம் பங்குனி. பங்குனியில் பால் காய்ச்ச அப்பாவுக்கு மனமில்லை. ஆக, சித்திரை.

போன வாரம் ரந்தாவ் வழியாக வரவேண்டியிருந்தது. அவர்கள் வீட்டில் தேநீர் குடித்தேன். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, லயத்தில் பிறந்தவர், பால் வெட்டி ஓய்ந்தவர். தினமும் சாயங்காலம் மகளிடம் "லாயர் கடுதாசி வந்துச்சாம்மா?" என்று கேட்கிறாராம். புது வீட்டை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று எங்களை அழைத்துப் போனார். பூட்டிய கேட்டுக்கு உள்ளே ஒரு மாமரம், கிளை ரோட்டுப் பக்கம் நீண்டிருந்தது. கீழே ஒரு காய் விழுந்து கிடந்தது. குனிந்து எடுத்தவர் என்னைப் பார்த்தார்.

"சார், இப்ப இது யாரோடது?"

"சாவி கைக்கு வர்ற வரைக்கும் விக்கிறவங்களோடதுதான் ஐயா."

காயை வேட்டியில் துடைத்து, கேட்டுக் கம்பிக்கு உள்ளே கைவிட்டுத் தூணின் மேல் வைத்துவிட்டு வந்தார்.

அன்புடன்,
ஆசிரியர்