கணக்கைக் கண்டு ஓடலாமா?



"மனிதனைப் படிக்கத்தானே உளவியல் எடுத்தோம், இங்கேயும் கணக்கா?" என்று சலித்துக் கொள்பவர்களில் நீங்களும் உண்டா?

புள்ளியியல் தாள் என்றாலே நடுக்கம்! 1968ல் சமூக அறிவியல் ஆய்வுக்கென்றே உருவான எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளைத் திறந்தாலே மயக்கம்! ப்ராஜக்டின் கணக்குப் பகுதியைக் காசு கொடுத்துச் செய்து வாங்குவோரும் உண்டு. நேர்முகத் தேர்வில், "இந்தச் சோதனையை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்று கேட்டால் விழிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உங்கள் அத்தாவின் கடையை நினைத்துப் பாருங்கள். ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடை. புது போர்டு மாட்டிய மாதம் விற்பனை கூடியது. காரணம் போர்டா, ரமலானா? அத்தா உடனே சென்ற ரமலான் கணக்கைப் புரட்டுவார். புள்ளியியலும் இதைத்தான் செய்கிறது! ஆலோசனை பெற்றவர்களின் மனச்சோர்வு குறைந்தது என்றால், பெறாதவர்களுக்கும் குறைந்ததா, இது தற்செயலா என்று அது கேட்கிறது. மென்பொருள் விடையைத் தரும். எதைக் கேட்பது என்பதை நீங்கள்தான் அறிய வேண்டும்.

வசதியில்லை என்று சொல்லாதீர்கள்! ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களில் உருவாக்கிய 'ஆர்' இலவசம். எஸ்.பி.எஸ்.எஸ். போலவே இயங்கும் பி.எஸ்.பி.பி.யும் இலவசம்.

நமக்கு ஏன் இந்தக் கணக்கு? பல்லாண்டுகள் மேடைகளில் முழங்கினோம், கேட்டவர் யார்? 2006 நவம்பரில் சச்சார் குழு அறிக்கை வந்தது. மக்கள் தொகையில் 13.4 சதவீதமுள்ள முஸ்லிம்கள் ஐ.ஏ.எஸ்.ஸில் 3, ஐ.பி.எஸ்.ஸில் 4 சதவீதமே என்றது. நாடாளுமன்றமே பேசியது! அக்குழுவின் உறுப்பினர் செயலாளர் அபூ ஸாலிஹ் ஷரீப், எண்களைக் கையாளத் தெரிந்த பொருளாதார அறிஞர்.

1997 நவம்பரையும் 1998 பிப்ரவரியையும் கண்ட ஊர் நம் கோவை. உயிரையும் உடைமையையும் இழந்த குடும்பங்கள், அவர்கள் எந்தச் சமூகத்தவராயினும், சுமக்கும் மனக்காயத்தை அளந்து ஆதாரத்தோடு எடுத்துரைக்க நம் பிள்ளைகளால் முடிய வேண்டாமா?

வணிகப் பெருமக்களே! பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே உளவியல் துறை இருக்கிறது. பிள்ளைகள் விரும்பினால் தடுக்காதீர்கள். ஜமாஅத் மண்டபத்தில் இரண்டு கம்ப்யூட்டர் வையுங்கள். விடுமுறையில் கற்றுக் கொடுக்க ஓர் ஆசிரியரை அழையுங்கள்.

பேரேடு படிக்கத் தெரியாத முதலாளியின் கல்லா அடுத்தவன் கையில். சமுதாயத்தின் கணக்கும் அப்படித்தான்.

சிந்திப்பீர்!